சிவப்பு வைனும் எம்மவர் இருதயமும்

“அளவோடு சிவப்பு வைன் அருந்தினால் இருதயத்துக்கு நல்லது; வைத்தியர்களே சொல்லுகிறார்கள்.” புலம்பெயர்ந்த தமிழர் கூடும் விருந்துகளில் இந்த வசனத்தைக் கேளாதவர் எம்மிடையே மிகச் சிலரே. நியூ ஜேர்சியின் எடிசன் தொடக்கம் கலிபோர்ணியாவின் விரிகுடாப் பகுதி, ரெக்சாஸின் ஹியூஸ்ரன் வரை, பிறந்தநாள் விழாவாயினும் சாமத்தியச் சடங்காயினும், மண்டபத்தின் ஒரு மூலையில் ஆண்கள் கூடிநிற்பதும் அங்கே இவ்வசனம் எழுவதும் வழக்கமாகிவிட்டன. ஊரில் கள்ளைப் பற்றியும் சாராயத்தைப் பற்றியும் ஓர் ஒளிவுமறைவு இருந்தது. வைனைப் பற்றி அந்தக் கூச்சம் இல்லை. அது மருந்துக்குரிய மரியாதையோடு மேசைக்கு வருகின்றது.

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? அதற்கு வைன் தகுதியுடையதா? தகுதியுடையதாயினும் எம்மவர் உடலுக்கு அது பொருந்துமா? இம்மூன்று வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

குடியை ஒழுக்கக்கேடெனக் கண்டிப்பது எமது நோக்கமன்று. அப்பணிக்குத் திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். மறுபுறத்தில், யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் உரோமநாட்டு மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. ஆகவே வைன் தமிழர்க்குப் புதிய பொருளன்று. அதற்கு மருந்தென்று இடப்பட்ட பெயர்தான் புதிது.

ஓக்லாண்டில் தொடங்கிய கதை

இக்கதையின் முதல் அத்தியாயம் எம்மவர் பலர் இன்று வாழும் விரிகுடாப் பகுதியிலேயே எழுதப்பட்டது. ஓக்லாண்ட் நகரில் கைசர் பெர்மனென்ரே என்ற மருத்துவ நிறுவனத்தில் இருதய வைத்தியராக இருந்த ஆர்தர் கிளாட்ஸ்கியும் அவரது சகாக்களும் 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நிறுவனத்தின் உறுப்பினர்கள் உடற்பரிசோதனைக்கு வந்தபோது நிரப்பிக்கொடுத்த வினாக்கொத்துகள் அவர்களிடம் இருந்தன. பின்னாளில் மாரடைப்புக்கு ஆளானவர்கள் முன்பு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவற்றிலிருந்து தேடியபோது எதிர்பாராத ஒரு விடயம் தென்பட்டது. மது அருந்துவோரைவிட அருந்தாதோரிடையே மாரடைப்புக் கூடுதலாகக் காணப்பட்டது.

1979இல் பிரித்தானிய ஆய்வாளர் மூவர் 18 வளர்ச்சியடைந்த நாடுகளின் இறப்புக் கணக்குகளை ஒப்பிட்டு, வைன் நுகர்வு கூடிய நாடுகளில் மாரடைப்பு இறப்புக் குறைவாயிருப்பதைக் காட்டினர். ஆயினும் இச்செய்தி பல்கலைக்கழகச் சுவர்களைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்தது 1991 நவம்பர் 17ஆம் திகதி இரவுதான். சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘சிக்ஸ்ரி மினிற்ஸ்’ நிகழ்ச்சியில் மோர்லி சேஃபர், பாற்கட்டியும் வெண்ணெயும் தாராளமாக உண்ணும் பிரெஞ்சுக்காரருக்கு மாரடைப்புக் குறைவாயிருப்பதேன் என்று கேட்டு, விடை கையிலுள்ள சிவப்பு வைனில் இருக்கக்கூடும் என்று சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் சிவப்பு வைன் விற்பனை அதன்பின் வெகுவாக உயர்ந்தது. மறு ஆண்டு, 1992இல், லியோன் நகரின் ஆய்வாளர் சேர்ஜ் ரெனோ, மிஷேல் டி லொர்ஜரில் என்பவருடன் சேர்ந்து ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரையான மதுசாரம் மாரடைப்பு ஆபத்தைக் குறைந்தது 40 வீதம் தணிக்கக்கூடும் எனக் கூறிற்று. ‘பிரெஞ்சு முரண்’ என்ற தொடர் உலகெங்கும் பரவியது.

எம்மவரில் பலர் புலம்பெயர்ந்து வந்திறங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே. புதிய நாட்டின் பழக்கங்களைக் கற்கத் தொடங்கியபோது, இந்த நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்து எமது வீடுகளுக்குள் வந்தது.

பிரான்சின் புதிர் அவிழ்ந்த விதம்

பிரெஞ்சு முரணுக்கு வைனைத் தவிர வேறு விளக்கங்களும் உள. 1999இல் மல்கம் லோ, நிக்கலஸ் வால்ட் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் கால இடைவெளி என்னும் விளக்கத்தை முன்வைத்தனர். பிரான்சில் விலங்குக் கொழுப்பு உண்ணும் பழக்கம் பிரித்தானியாவைவிடப் பிந்தியே கூடியது. கொழுப்பு நாடிகளில் படிந்து உயிரைக் குடிக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். எனவே பிரெஞ்சுக்காரரின் இறப்புக் கணக்கு அவர்களது பழைய உணவையே பிரதிபலித்தது என்பது அவர்களின் வாதம். பிரான்சில் மாரடைப்பு இறப்புகளில் ஒரு பகுதி வேறு காரணங்களின் பெயரில் பதியப்பட்டதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இன்னொரு செய்தி சுவையானது. வைனின் புகழைப் பரப்பிய அதே ரெனோவும் டி லொர்ஜரிலும் லியோனில் மாரடைப்பிலிருந்து தப்பியவர்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தினர். ஒரு சாராருக்கு மரக்கறி, பழம், பருப்பு, மீன் கூடியதும், வெண்ணெயும் சிவப்பு இறைச்சியும் குறைந்ததுமான மத்தியதரைக்கடல் உணவுமுறை அறிவுறுத்தப்பட்டது. 1994இல் வெளிவந்த முடிவில், அவ்வுணவை உண்டவர்களுக்கு மீண்டும் மாரடைப்பு வருவது பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. இது நோயாளரை இரு பிரிவாகப் பிரித்து நடத்திய நேரடிப் பரிசோதனை. வைனுக்கு இத்தகைய பரிசோதனை ஒன்றும் வெற்றிகரமாக நடந்து முடியவில்லை. ஆயினும் விருந்துகளில் வைனின் கதை நிலைத்தது. மரக்கறியின் கதை மறக்கப்பட்டது.

குடியாதவர் எனப்படுவோர் யார்?

ஆய்வுகளில் குடியாதோருக்கு நோய் கூடுதலாகத் தோன்றியதன் காரணத்தை 1988இல் பிரித்தானியாவின் ஜெரால்ட் ஷேப்பரும் அவரது சகாக்களும் கேள்விக்குட்படுத்தினர். இன்று குடியாதவர் என்று பதிபவரில் பலர் நேற்றுவரை குடித்தவர்கள். ஈரல் கெட்டதால், நீரிழிவு வந்ததால், இருதயம் பலவீனமடைந்ததால், வைத்தியர் தடுத்ததால் நிறுத்தியவர்கள். இந்த நோயாளரைக் குடியாதோர் வரிசையில் நிறுத்தி, சுகதேகியாகையால் இன்னும் குடிக்க முடிந்தவரோடு ஒப்பிட்டால் மது மருந்தாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

2006இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேய் ஃபில்மோர் தலைமையிலான குழு பழைய ஆய்வுகளை மீளத் தோண்டிப் பார்த்தது. இந்தத் தவறு இல்லாதவை மிகச் சிலவே. அவற்றில் அளவான குடியால் வந்த நன்மை தென்படவில்லை. இவ்வழியைத் தொடர்ந்து 2023இல் வெளிவந்த மீளாய்வு ஒன்று 107 ஆய்வுகளை, ஏறத்தாழ 48 இலட்சம் மக்களின் தரவுகளைத் திரட்டியது. தவறுகளைத் திருத்திக் கணித்தபோது, நாளுக்கு ஓரிரு கோப்பை அருந்துவோர் குடியாதோரைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்ற முடிவு நிலைக்கவில்லை.

வைன் அருந்துவோர் வேறு வகைகளிலும் வசதியானவர்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் பேரங்காடிகளின் பற்றுச்சீட்டுகள் 35 இலட்சத்தைப் பார்வையிட்டு 2006இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வைன் வாங்கியவர்களின் கூடையில் ஒலிவ், பழம், மரக்கறி, கோழி, கொழுப்புக் குறைந்த பால் ஆகியன கூடுதலாக இருந்தன. பியர் வாங்கியவர்களின் கூடையில் சொசேஜ், பொரித்த கிழங்கு, ஆயத்த உணவு, மென்பானம் ஆகியன கூடுதலாக இருந்தன. நன்மை போத்தலிலிருந்து வந்ததா, கூடையின் மற்றப் பொருள்களிலிருந்து வந்ததா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று.

இச்சிக்கலை அவிழ்க்க அண்மைக் காலத்தில் பரம்பரையலகுகளின் துணை நாடப்பட்டது. சிலர் பிறப்பிலேயே மதுவை ஏற்க இயலாத ஒரு மரபணு வேறுபாட்டோடு பிறக்கிறார்கள்; அதனால் குறைவாகவே குடிக்கிறார்கள். அது பிறப்பில் விழுந்த சீட்டு; பணத்தாலோ படிப்பாலோ வந்ததன்று. அளவான குடி இருதயத்தைக் காக்குமாயின், இவர்களுக்கு மாரடைப்புக் கூடவேண்டும். ஐரோப்பிய வம்சாவளியினர் 2,60,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு 2014இல் வெளிவந்த ஆய்வில் நேர்மாறாக, இவர்களுக்கு இருதய நோய் குறைவாகவே இருந்தது. பிரித்தானியாவில் 3,71,000 பேரைக் கொண்ட 2022ஆம் ஆண்டு ஆய்வும், அளவாகக் குடிப்போர் புகைப்பதில் குறைந்தவர், நடப்பதில் கூடியவர், மரக்கறி விரும்புவோர் என்பதைக் காட்டி, குடி கூடக்கூட ஆபத்தும் கூடுவதை எடுத்துரைத்தது.

இவ்விடயத்தில் அறிஞர் அனைவரும் ஒருமித்துவிட்டனர் என்று கூறுவது நேர்மையாகாது. 2024 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, அளவோடு அருந்துவோரிடையே, ஒருபோதும் அருந்தாதோரைவிட, இருதய இறப்புக் குறைவாகக் காணப்படுவதாகக் கூறியது. அதே அறிக்கை, அளவான குடியும் பெண்களின் மார்பகப் புற்றுநோயைக் கூட்டுவதையும் பதிவுசெய்தது. ஐயத்தைத் தீர்க்க நேரடிப் பரிசோதனை ஒன்றே வழி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 7,800 பேரைக் கொண்டு அத்தகையதொரு பரிசோதனையைத் தொடங்கியது. 100 மில்லியன் டொலர் திட்டமான அதன் செலவில் பெரும்பகுதியை மது உற்பத்தி நிறுவனங்கள் ஏற்பதாக இருந்தது. அந்நிதியை அதிகாரிகளே அந்நிறுவனங்களை அணுகிக் கேட்டதும், திட்டத்தின் வடிவமே நன்மையைக் காட்டும் பக்கம் சாய்ந்திருந்ததும் வெளிப்பட்டதால் 2018 ஜூனில் அது கைவிடப்பட்டது. தீர்ப்பு வழங்க வேண்டியவரின் சம்பளத்தை வழக்காளி கொடுக்கும் நிலை அது.

முந்திரிகைத் தோலின் மாயம்

வைனின் நன்மைக்குக் காரணம் முந்திரிகைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருள் என்று சிலர் விளக்குவர். 1992இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனை வைனில் கண்டறிந்தனர். 2006இல் கொழுத்த எலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவை நலமாக வாழ்ந்தன. அந்த எலிகள் பெற்ற அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதனை நேர்க்கணக்கில் பெருக்கினால் 1,500 மில்லிகிராமுக்கு மேல் வரும். ஒரு லீற்றர் சிவப்பு வைனில் இருப்பதோ பெரும்பாலும் ஒருசில மில்லிகிராம் மட்டுமே. கணக்கை வாசகர்களே முடித்துக்கொள்ளலாம்.

வைனுக்குப் பேர்போன இத்தாலியின் கியாந்திப் பிரதேசத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 783 முதியோரை ஒன்பது ஆண்டுகள் அவதானித்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. உடலில் ரெஸ்வெரட்ரோல் கூடியவர்க்கும் குறைந்தவர்க்கும் இருதய நோயிலோ புற்றுநோயிலோ ஆயுளிலோ வேறுபாடு காணப்படவில்லை. இப்பொருளைப் புகழ்ந்து பல கட்டுரைகள் எழுதிய பேராசிரியர் டிபக் தாஸ் தமது ஆய்வுகளில் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தும் திரித்தும் இருந்ததாக அவர் பணியாற்றிய கனெக்றிகட் பல்கலைக்கழகம் 2012 ஜனவரியில் அறிவித்தது. இப்பொருளை மருந்தாக்கும் நம்பிக்கையில் 2008இல் 720 மில்லியன் டொலருக்கு வாங்கப்பட்ட சேர்ட்ரிஸ் என்ற நிறுவனம் 2013இல் மூடப்பட்டது.

நியூவார்க்கின் ‘விடுமுறை இருதயம்’

இருதயம் என்றால் மாரடைப்பு மட்டுமன்று. 1978இல் நியூ ஜேர்சியின் நியூவார்க் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப் எற்றிங்கரும் சகாக்களும், வாரஇறுதியிலும் பண்டிகைக் காலத்திலும் குடித்தபின் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறி வைத்தியசாலைக்கு வருவோரைப் பற்றி எழுதினர். ‘விடுமுறை இருதயம்’ என அவர்கள் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போது இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

இது பெருங்குடியருக்கு மட்டும் உரியது என்று ஆறுதலடைய இடமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் கிரெகரி மார்க்கஸ் தலைமையிலான குழு, இந்நோயுடைய 100 பேரின் உடலில் துடிப்பையும் மதுசாரத்தையும் அளக்கும் கருவிகளைப் பொருத்தி 2021இல் முடிவை வெளியிட்டது. ஒரு கோப்பை அருந்திய நான்கு மணித்தியாலத்துக்குள் துடிப்புத் தவறும் வாய்ப்பு இருமடங்காகவும், இரண்டும் அதற்கு மேலும் அருந்தினால் மும்மடங்குக்கு மேலாகவும் உயர்ந்தது. மது இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றது. இரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைட் கொழுப்பையும் கூட்டுகின்றது.

புற்றுநோயைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988இலேயே மதுபானங்களை மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என்று வகைப்படுத்தியது. வைனுக்கு அதில் விலக்கில்லை. 2025 ஜனவரியில் அப்போதைய அமெரிக்கத் தலைமைச் சத்திரசிகிச்சை அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட எச்சரிக்கை, அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,00,000 புற்றுநோய்களும் 20,000 புற்றுநோய் இறப்புகளும் மதுவோடு தொடர்புடையன எனக் குறிப்பிட்டது.

எம்மவர் இருதயம்

இனி எமது மூன்றாவது வினாவுக்கு வருவோம். மேற்கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை வெள்ளையரைக் கொண்டு செய்யப்பட்டவை. தெற்காசியரின் இருதயம் வேறொரு கணக்கில் இயங்குகின்றது.

வைன் கதையைத் தொடக்கிவைத்த அதே கிளாட்ஸ்கியே 1994இல் வட கலிபோர்ணியாவில் ஆசிய இனத்தவரை ஒப்பிட்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. மாரடைப்பு முதலான நோய்களால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் ஆபத்து, சீனரையும் பிற ஆசியரையும்விடத் தெற்காசியருக்கு மிகக் கூடுதலாக இருந்தது. 52 நாடுகளில் நடந்த ‘இன்ரர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியப் பகுதியில் இலங்கையும் இந்தியாவும் இடம்பெற்றன. 2007இல் வெளிவந்த அதன் முடிவின்படி, முதல் மாரடைப்பு வரும் நடு வயது பிற நாடுகளில் 58.8 ஆக இருக்க, எம்மவர் நாடுகளில் 53 ஆக இருந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முந்துகின்றது. பிள்ளைகள் படிக்கும் வயது; வீட்டுக் கடன் முடியாத வயது; ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பும் வயது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. பிற நாட்டவரிடம் காணப்பட்ட, அளவான மதுவுக்குரியதெனப்பட்ட பாதுகாப்பு, தெற்காசியரிடம் காணப்படவில்லை. 2010இல் இந்திய ஆண்களைப் பற்றி வெளிவந்த ஆய்வும் மது அருந்துவோரிடையே இருதய நோய் குறையவில்லை, கூடியே இருந்தது எனக் காட்டியது. வெள்ளையருக்கே ஐயத்துக்குரிய மருந்து, எம்மவர்க்கு ஐயத்துக்கும் இடமின்றித் தோற்றுப்போயிற்று எனலாம்.

காரணங்களை அறிய 2010 தொடக்கம் விரிகுடாப் பகுதியிலும் சிக்காகோவிலும் ‘மசாலா’ என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் வைத்தியர் அல்கா கனாயா, சிக்காகோவில் வைத்தியர் நம்ரதா கண்டுலா ஆகியோர் வழிநடத்திய இதில் முதலில் 906 தெற்காசியர் சேர்க்கப்பட்டனர். நடுத்தர வயதினரிலும் முதியோரிலும் வெள்ளையரில் நூற்றுக்கு 6 பேர்க்கும், சீனரில் 13 பேர்க்கும், லத்தீன் அமெரிக்கரில் 17 பேர்க்கும், கறுப்பினத்தவரில் 18 பேர்க்கும் நீரிழிவு இருக்க, தெற்காசியரில் 23 பேர்க்கு இருந்தது. மெலிந்த கைகாலும் பருத்த வயிறும் எம்மவரிடம் பொதுவான தோற்றம். அந்த வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிப் படியும் கொழுப்பே நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிதிறக்கின்றது. 2018இல் வெளிவந்த அமெரிக்க இருதய வைத்தியர்களின் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியில் பிறந்ததையே ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணியாகச் சேர்த்தது. மவுண்டன் வியூ நகரின் எல் கமீனோ வைத்தியசாலையில் 2006இல் தெற்காசியருக்கென ஒரு தனி இருதய நிலையம் நிறுவப்பட்டதும் இதனாலேயே.

‘அளவு’ என்பது எவ்வளவு?

அமெரிக்கக் கணக்கில் ஒரு கோப்பை என்பது 14 கிராம் மதுசாரம். வைனாயின் 148 மில்லிலீற்றர். விஸ்கியாயின் 44 மில்லிலீற்றர். 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் ஐந்து கோப்பைகள் உள. ஆண்களுக்கு நாளுக்கு இரண்டு, பெண்களுக்கு ஒன்று என்பதே 2020இல் வெளியான அமெரிக்க உணவு வழிகாட்டி விதித்த உச்ச எல்லை. இது எல்லையே தவிர, பரிந்துரையன்று. கிழமை நாள்களில் குடியாமல் இருந்து சனிக்கிழமை விருந்தில் ஏழையும் ஒன்றாக முடிப்பது சராசரிக் கணக்கில் அளவாகலாம். இருதயத்தின் கணக்கில் ஆகாது. எம்மவர் விருந்தில் வைன் தனியே வருவதுமில்லை. பொரித்த இறைச்சியும் மிக்சரும் ரோல்சும், நள்ளிரவில் கொத்துரொட்டியும் கூடவே வருகின்றன.

குளிசை எடுப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் சில குளிசைகளோ எடுப்பவர் வெறுவயிற்றில் குடித்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு விழலாம். மயக்கத்தைப் பார்ப்போர் வெறியென்று எண்ணி விட்டுவிடுவர். இரத்தம் உறையாமல் காக்கும் வார்பரின், நெஞ்சுவலிக்கு நாவின் கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின், நித்திரைக் குளிசை ஆகியவற்றோடும் மது பொருந்தாது.

அகதி வாழ்வில் மது

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம் விருந்து மேசையில் மட்டும் இல்லை. தஞ்சக் கோரிக்கைக்கு விடை வராமல் ஆண்டுகள் கழிகின்றன. மனைவி ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம், தாய் தந்தை ஓரிடம். பெற்றோல் நிலையத்திலோ கடையிலோ இரவு வேலை. பகலில் நித்திரை வராது. கண்ணை மூடினால் ஊர்க் காட்சிகள். இந்நிலையில் உள்ள ஒருவர் ஒரு கோப்பை வைனை நித்திரைக்காகத் தொடங்குவது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் மது கண்ணை மூட வைக்குமேயன்றி ஆழ்ந்த நித்திரையைத் தராது, பின்னிரவில் எழுப்பிவிடும். மறுநாள் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இருதயத்துக்கு நல்லது என்ற சொல் அப்போது அவருக்கு ஒரு மறைப்பாகின்றது. வீட்டாரும் அதனை நம்பிப் பேசாதிருக்கின்றனர்.

இதில் சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. நியூ ஜேர்சி, கலிபோர்ணியா, ரெக்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்களிலும் வாகனம் ஓட்டுவோரின் இரத்த மதுசார எல்லை 0.08 வீதம். குடிவரவுக் கோவை இன்னும் திறந்திருக்கும் ஒருவருக்கு, விருந்தால் வீடு திரும்பும் வழியில் எழும் ஒரு வழக்கு, அபராதத்தோடு முடிவதில்லை.

நாள்தோறும் நிறையக் குடிப்பவர் இதனைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்த முயலவும் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் உயிராபத்தும் நேரலாம். வைத்தியரின் துணையோடு படிப்படியாக நிறுத்துவதே முறை. அதனை வெட்கமாகக் கருதவேண்டியதில்லை. நீரிழிவுக்கு வைத்தியம் பார்ப்பது போன்றதே இதுவும்.

உண்மையான மருந்துகள்

இருதயத்தைக் காக்கும் வழிகளில் சில எம்மவர் வாழும் இடங்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டவை. ரெக்சாஸின் டலஸ் நகரில் மைக்கல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்ரீன் என்னும் இருவர் கெட்ட கொழுப்பை உடல் எவ்வாறு இரத்தத்திலிருந்து அகற்றுகின்றது என்பதைக் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகைக் குளிசைகளில் முதன்முதலாக அமெரிக்காவில் 1987இல் அனுமதி பெற்ற லோவஸ்ரற்றினைக் கொண்டுவந்தது நியூ ஜேர்சியின் மேர்க் நிறுவனம். அதற்குமுன் யப்பானியரான அகிரா என்டோ இவ்வகைப் பொருளைப் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்திருந்தார். இக்குளிசைகளின் பயன் நேரடிப் பரிசோதனைகள் பலவற்றில் நிறுவப்பட்டது. விலையும் குறைந்துவிட்டது. ஒரு வைன் போத்தலின் விலைக்கு ஒரு மாதக் குளிசை கிடைக்கும் மருந்தகங்கள் உள. எனினும் குளிசையென்றால் பக்கவிளைவு என்று அஞ்சி ஒதுக்குவோர், வைனைப் பக்கவிளைவற்றதென நம்புவது விந்தை.

நாற்பதைக் கடந்த எம்மவர் ஒவ்வொருவரும், குடும்பத்தில் மாரடைப்பு வரலாறு இருந்தால் அதற்கு முன்னரும், தமது இரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சீனி ஆகிய மூன்றையும் அறிந்திருக்க வேண்டும். பரம்பரையாக வரும் லிப்போபுரத ‘ஏ’ என்ற கொழுப்பையும் ஒருமுறை அளக்குமாறு வைத்தியரைக் கேட்கலாம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே நீரிழிவுப் பரிசோதனை வேண்டுமென 2015 முதல் கூறிவருகின்றது. பிறர்க்கு அது 25. புகைப்பதை நிறுத்துவதும், நாளுக்கு அரை மணி நேரம் விரைந்து நடப்பதும், சோற்றின் பங்கைக் குறைத்து மரக்கறியின் பங்கைக் கூட்டுவதும் செலவில்லா வைத்தியங்கள். ஊரில் நாம் உண்ட கீரை, பயறு, கௌபி, மீன்குழம்பு, குரக்கன் ஆகியன லியோன் வைத்தியர்கள் கொடுத்த உணவிலிருந்து அதிகம் விலகியவையல்ல.

காப்புறுதி இல்லை, விசா இல்லை என்பதற்காக நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்து உயிரிழப்பது தவிர்க்கக்கூடியது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மெடிக்கேர் திட்டத்தில் சேர்ந்த வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவு, வருவோரின் பணவசதியையோ குடிவரவு நிலையையோ காரணங்காட்டித் திருப்பியனுப்ப முடியாது. பரிசோதித்து உயிராபத்தைத் தணித்தாக வேண்டும். நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன கண்டால் 911ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்க்கும் நெஞ்சுவலியின்றி வெறும் களைப்பாகவும் வயிற்றெரிவாகவும் மாரடைப்பு வரக்கூடும். வாய்வு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்கக் கூடாது. வருமானத்துக்கேற்பக் கட்டணம் அறவிடும் சமூக சுகாதார நிலையங்களும் இம்மூன்று மாநிலங்களிலும் இயங்குகின்றன.

முடிவாக, குடியாதவர் இருதயத்துக்காகக் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை. அமெரிக்க இருதயச் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவரும் ஆலோசனையும் இதுவே. எப்போதாவது ஒரு கோப்பை அருந்தி மகிழ்பவர் அதனை விருப்பத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். மருந்தின் கணக்கில் எழுத வேண்டாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஒழுங்கற்ற துடிப்பு, ஈரல் நோய் உள்ளவர் வைத்தியரைக் கேட்ட பின்னரே கோப்பையைத் தொட வேண்டும். போரிலிருந்தும் கடலிலிருந்தும் சிறையிலிருந்தும் தப்பிவந்தவர்கள் நாம். ஐம்பத்துமூன்றாவது வயதில் ஒரு விருந்து மண்டபத்தின் மூலையில் விழுவதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை.